நீலகிரிக்கு வந்த கொயினா மரங்கள்

சின்கோனா என்றதும் நம் தாவரவியல் மாணவர்களுக்கு மூன்று வரி ஞாபகம் வரும்: ரூபியேசி குடும்பம், காப்பிச் செடிக்குச் சொந்தம், பட்டையிலிருந்து மலேரியா மருந்து. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த மரம் நம்ம நீலகிரிக்கு எப்படி வந்தது, வந்த இடத்தில் எப்படித் தேறியது என்பது தனிக்கதை. மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு அதைத்தான் எழுதத் தோன்றியது.

சின்கோனாவின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகள். பெரு, பொலிவியா, ஈக்வடார் நாட்டுக் காடுகளில் வெட்டிய பட்டைதான் உலகம் முழுக்கப் போயிற்று. 1820இல் பாரிஸில் பெல்லெட்டியே, கவாந்து என்ற இருவர் அதிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு கிராக்கி ஏறிக்கொண்டே போனது. இங்கே காய்ச்சலில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மருந்தோ ஏழைக்கு எட்டாத விலை. மரத்தையே கொண்டுவந்து வளர்த்தால் என்ன என்று ஆங்கில அரசு யோசித்தது.

1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவுக்குப் போய் 'கலிசாயா' வகை நாற்றுகளைச் சேகரித்தார். கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இங்கிலாந்து வழியாக அனுப்பினார். செங்கடல் வெயிலில் அவை வாடி வதங்கின, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அதே சமயம் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் இருவரும் சேகரித்த 'சிவப்புப் பட்டை' (சக்சிரூப்ரா) நாற்றுகள் 1861இல் பத்திரமாக ஊட்டிக்கு வந்து சேர்ந்தன.

அவற்றைக் கையில் வாங்கியவர் ஊட்டி அரசுத் தோட்டத்தை உருவாக்கிய மக்கைவர். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கைராசிக்காரர். தொட்டபெட்டாவின் குளிர்ந்த உயரத்தில் 'அஃபிசினாலிஸ்' வகையையும், கூடலூர் போகிற வழியில் சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள நடுவட்டத்தில் சிவப்புப் பட்டையையும் வளர்த்தார். மலாக்கா பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும், அதில் சத்தும் கூடும் என்று மக்கைவர் கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமலே மகசூல்!

சிவப்புப் பட்டை மரம் நீலகிரியைத் தன் சொந்த ஊராகவே நினைத்துக்கொண்டது. மளமளவென்று வளர்ந்தது. சரி, வெற்றிதானே?

பட்டையைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனபோதுதான் சங்கதி தெரிந்தது. அதில் அல்கலாய்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் குவினைன் கொஞ்சம். சிங்கோனிடின் போன்ற மற்றவைதான் அதிகம். மரம் தேறிவிட்டது, எதற்காக நட்டோமோ அது மட்டும் குறைவு!

ஜாவாவில் டச்சுக்காரர்களுக்கும் இதே அனுபவம் முன்பே கிடைத்திருந்தது. அவர்கள் லட்சக்கணக்கில் நட்ட 'பஹுடியானா' வகை காடாக வளர்ந்தது, குவினைனோ பெயரளவுக்குத்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கைவிட்டார்கள். 1865இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி பொலிவிய விதைகளை விற்க வந்தபோது ஆங்கில அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பகுதியை வாங்கினார்கள். மீதி இந்தியாவுக்கும் வந்தது என்பது பலர் அறியாத செய்தி. அந்த விதைகளைக் காட்டில் தேடி எடுத்துக் கொடுத்தவர் மானுவல் மமானி என்ற பூர்வகுடி மனிதர். விதை கடத்தியதற்காகச் சிறையில் அடித்து உதைக்கப்பட்டு, அதனாலேயே அவர் இறந்தார். இன்று அந்த வகைக்குப் பெயர் 'லெட்ஜெரியானா'. மமானியின் பெயர் எந்த மரத்துக்கும் இல்லை.

ஜாவாவில் மோயன்ஸ் என்ற ரசாயன நிபுணர் மரம் மரமாகப் பட்டையைச் சோதித்தார். சிலவற்றில் குவினைன் 13 சதவீதம் வரை இருந்தது. அந்த மரங்களை மட்டும் பெருக்கினார்கள். வேறு வகையோடு கலந்துவிடாமல் தள்ளி வைத்தார்கள். 1930களில் உலகக் குவினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்துதான் வந்தது.

அப்படியானால் நம்ம சிவப்புப் பட்டை வீணா? இல்லை. 1866இல் சென்னை அரசு நியமித்த குழு, குவினைன் மட்டுமல்ல, கூடவே இருக்கும் மற்ற மூன்று அல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணிக்கின்றன என்று நோயாளிகளிடம் பரிசோதித்துக் கண்டது. அதனால் எல்லாம் கலந்த மலிவு மருந்து ஏழைகளுக்குக் கிடைக்க வழி பிறந்தது. இன்னொன்றும் உண்டு. லெட்ஜெரியானா நோஞ்சான் மரம். அதன் வேருக்குப் பலம் போதாது. ஜாவாக்காரர்கள் அதைச் சிவப்புப் பட்டையின் வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டித்தான் வளர்த்தார்கள்.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நம் நாட்டுத் தோட்டங்களுக்கு மறுபடி மவுசு வந்தது. போருக்குப் பின் குளோரோகுயின் மாத்திரை வந்து அதைக் குறைத்துவிட்டது. வால்பாறை பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இப்போது தேயிலைதான்.

இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டால், இலை பச்சையாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். எதற்காக நட்டோமோ அதை அளந்து பாருங்கள். அதில் குறைந்தாலும் உடனே கோடரியைத் தூக்காதீர்கள். அது வேறு எதற்கு உதவும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.