மலைநில மண்ணில் அருமண் தனிம மாசு

லாந்தனைடு வரிசையின் 15 தனிமங்களும் ஸ்கேண்டியம், இட்ரியம் ஆகியனவும் சேர்ந்த அருமண் தனிமங்கள், எல்லா மண்ணிலும் சிறிதளவு இயல்பாகவே உள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்கும் தொழிலால் உயர்நில மண்ணும் நீரும் கெடுவதையே இம்மாசு குறிக்கும். இதற்கு மிகக் கொடிய உதாரணம், மியான்மரின் காச்சின் மாநிலத்தில் சீன எல்லையை ஒட்டிய பாங்வா, சிப்வி மலைப் பிரதேசமாகும்.

அங்கே கருங்கற்பாறை யுகயுகமாகச் சிதைந்து உண்டான களிமண்ணில், வலிய காந்தங்களுக்கு இன்றியமையாத டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அயனிகளாக ஒட்டிக்கொண்டிருப்பதால், சரிவின் மேற்புறத்தில் துளைகளிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உட்செலுத்தி, கீழே கசிந்து வரும் நீரைப் பிளாஸ்டிக் விரித்த தொட்டிகளில் தேக்கி, ஆக்சாலிக் அமிலம் முதலியன இட்டு வீழ்படிவாக்கி, அதனைச் சூளையில் சுட்டு ஆக்சைடாக்குகின்றனர். செலுத்திய திரவம் முழுவதும் திரும்பி வருவதில்லை. எஞ்சியது மண்ணைப் புளிக்கச் செய்து, அதில் அடங்கிக் கிடந்த உலோகங்களை இளக்கி, ஓடைகளில் கொண்டு சேர்க்கிறது. நீர் ஊறித் தளர்ந்த சரிவுகள் மழைக்காலத்தில் இடிந்து விழுந்து தொழிலாளரின் உயிரைப் பலிகொண்டிருப்பது மிகுந்த வேதனைக்குரியது.

2022-இல் குளோபல் விட்னஸ் அமைப்பு செயற்கைக்கோள் படங்களின்வழி ஏறக்குறைய 300 இடங்களில் 2,700-க்கு மேற்பட்ட தொட்டிகளைக் கண்டறிந்தது. இம்மலைகளின் ஓடைகள் சேரும் என்மாய் நதியே மாலி நதியோடு கூடி ஐராவதியாகிறது. கைவிட்ட துளைகளை மூடி, சுண்ணாம்பிட்டுப் புளிப்பைத் தணித்து, புல்லும் மரமும் வளர்த்து அம்மண்ணைச் சீர்ப்படுத்தும் கடமை, அதனால் இலாபம் கண்டவர்களையே சாரும்.