பேய் என்று பெயர் வாங்கிய மீன்

வாலிபர் கூடுகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஜெபம் முடிந்ததும் நேரே மீன் தொட்டியடியில்தான் போய் நின்றார்கள். "அங்கிள், இது ஏன் மண்ணைத் தின்னுது?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இருநூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். இந்த மீன்களுக்கு அவர்கள் வைத்த ஜியோபாகஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு 'மண் தின்னி' என்றே அர்த்தம்.

உண்மையில் அது மண்ணைத் தின்பதில்லை. தலையைக் கவிழ்த்து ஒரு வாய் மணலை அள்ளும், சற்று நேரம் மெல்லும், பிறகு மணலெல்லாம் செவுள் வழியாக மாவு சலித்ததுபோல் கொட்டிவிடும். உள்ளே நிற்பது சிறு புழுவும் பூச்சியுமே. இது தெரியாமல் நான் முதலில் தொட்டியில் சரளைக்கல்லைப் போட்டு வைத்திருந்தேன். மீன்கள் ஒரு மூலையில் சோர்ந்து கிடந்தன. கல்லை அள்ளிவிட்டு மெல்லிய ஆற்று மணலைப் பரப்பிய அன்று மாலையே குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டன. இவற்றை வளர்க்க விரும்புகிறவர்கள் மணலுக்கு அடுத்தபடியாகக் கவனிக்கவேண்டியவை மூன்று: நீளமான தொட்டி, 27 பாகை அளவில் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர், கூட்டாளிகள். ஐந்தாறாவது சேர்ந்திருந்தால்தான் ஒன்றையொன்று அதிகம் துன்புறுத்தாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த வகை மீன்களில் ஒன்றை 1791இல் நூலில் எழுதியவர் பெர்லினில் வாழ்ந்த யூத மருத்துவர் மார்க்குஸ் எலீசர் பிளாக். அது தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்த மீன். அவர் எழுதிய மீன் நூலில் வண்ணப் படங்கள் மட்டும் 432. அதே நூலில் நம்முடைய கடற்கரையும் இருக்கிறது! தரங்கம்பாடியில் ஊழியம் செய்த மிஷனெரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், வங்கக் கடல் மீன்களைச் சேகரித்து பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நன்றியாக பிளாக் ஒரு மீன் இனத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். அதில் ஒரு மீனின் முழுப்பெயர் 'ஜானியஸ் கருத்தா'. லத்தீன் அல்ல, தமிழ்தான்: நம் மீனவர்கள் சொன்ன 'கறுத்த கத்தாளை'. தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் சொன்ன சொல்லை ஜான் எழுதி அனுப்ப, பிளாக் அதை மாற்றாமல் வைத்துவிட்டார். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனையும் பிளாக்தான் 1790இல் விவரித்தார். அதுவும் எங்கள் தொட்டி மீனும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம்.

அமேசான் மீனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1817இல் ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினா, போர்த்துக்கல் இளவரசர் பெட்ரோவை மணந்து பிரேசிலுக்குப் போனாள். அந்தக் கல்யாணத்தை ஒட்டி அனுப்பப்பட்ட ஆராய்ச்சியாளர்களில் யோஹான் நாட்டரரும் ஒருவர். மற்றவர்கள் சில வருஷங்களில் திரும்பிவிட்டார்கள். இவரோ 18 வருஷம் அங்கேயே சுற்றினார். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். 12,000க்கும் அதிகமான பறவைகளோடு எண்ணற்ற மீன்களையும் வியன்னாவுக்கு அனுப்பினார். 1835இல் ஊருக்குத் திரும்பும் வேளையில் பெலெம் நகரத்தில் கலகம் வெடித்து, கையிலிருந்ததில் பெரும்பகுதியை இழந்தார்.

அவருடைய மீன்களை 1840இல் வகைப்படுத்தியவர் யோஹான் யாக்கோப் ஹெக்கல். பிரேசிலைக் கண்ணாலும் காணாதவர். போத்தலில் ஊறிய மீன்களைப் பார்த்து அவர் ஜியோபாகஸ் என்ற இனத்தை உண்டாக்கினார். அதில் ஒன்றுக்கு 'ஜுருபாரி' என்றும் இன்னொன்றுக்கு 'டேமன்', அதாவது பேய், என்றும் பெயர் வைத்தார். ஜுருபாரி என்பது அமேசான் மக்களின் சொல். ரியோ நெக்ரோ ஆற்றின் மேற்பகுதியில் வாழும் மக்களுக்கு, ஜனங்களுக்குச் சட்டம் கொடுத்தவனும் புனிதக் குழல்களின் தலைவனும் அவனே. அங்கே போன மிஷனெரிகள் அவனைப் பிசாசு என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்த மொழிபெயர்ப்பு மீனையும் தொற்றிக்கொண்டது. 1862இல் லண்டன் அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் குந்தர் இவற்றைத் தனி இனமாகப் பிரித்து 'சாத்தனோபெர்கா' என்று பெயரிட்டார். சாத்தானின் மீன்! தரங்கம்பாடி மீனவரின் சொல்லுக்கும் அமேசான் மீனவரின் சொல்லுக்கும் எவ்வளவு வித்தியாசமான வரவேற்பு என்று பாருங்கள். ஒன்றைக் கேட்டபடியே எழுதினார்கள். மற்றதில் தங்கள் பயத்தையும் சேர்த்து எழுதினார்கள். நம் சபையின் முன்னோர்களும் மிஷனெரிகளே என்பதால் இதை நான் கொஞ்சம் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்றே வருஷத்தில், 1865இல், லூயி அகாசீ அமேசானுக்குப் போனார். இந்த மீன்கள் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதைக் கண்டு வியந்து, பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோவுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பேரரசர் வேறு யாருமல்ல, லியோபோல்டினாவின் மகன். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அகாசீ, டார்வினின் கொள்கையைக் கடைசிவரை எதிர்த்தவர். ஆனாலும் 1871இல் வந்த டார்வினின் நூலில் இந்த மீனைப்பற்றிய அகாசீயின் சாட்சி இடம்பெற்றது.

நாட்டரரின் நாட்குறிப்புகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1843இல் அவர் இறந்தார். 1848 அக்டோபரில் வியன்னாவில் நடந்த கிளர்ச்சியின்போது அரண்மனைக் காட்சிக்கூடம் தீப்பற்ற, அவருடைய எழுத்துகளும் எரிந்துபோயின. எந்த ஆற்றில் எந்த மீனை யார் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று 18 வருஷம் கேட்டு எழுதியவற்றில் எவ்வளவு அதில் போயிருக்கும்!

எங்கள் தொட்டியில் இருப்பது தபஜோஸ் ஆற்றின் செந்தலை வகை. பல வருஷங்களாகக் கடைகளில் விற்கப்பட்டும் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2022இல்தான்: ஜியோபாகஸ் பைரோசெஃபாலஸ், நெருப்புத் தலை. போன மாதம் ஒரு ஜோடி தட்டைக் கல்லில் முட்டையிட்டது. குஞ்சுகள் பொரித்ததும் தாயும் தகப்பனுமாக மாறி மாறி வாயில் வாங்கிக்கொண்டன. விளக்கை அணைக்கப் போனால் சிதறி நிற்கும் குஞ்சுகளெல்லாம் ஒரு நொடியில் உள்ளே போய்விடுகின்றன. காலையில் மறுபடி வெளியே விட்டு, தாய் எண்ணிப் பார்ப்பதுபோல் சுற்றி வருகிறது. அடுத்த கூடுகைக்கு வரும்போது அந்தத் தம்பி பார்க்கட்டும் என்று இன்னும் வேறு தொட்டிக்கு மாற்றாமல் வைத்திருக்கிறேன்.