மூன்றாம் நாள் இரவு

எலும்பு முறிவுப் பிரிவில் நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனார் ஒருவர் சேர்ந்தார். மூன்றாம் நாள் இரவு, போர்வையில் இல்லாத பூச்சிகளைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கைகள் வெடவெடவென்று நடுங்கின. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சித்தாளைக் கலவை கொண்டுவரச் சொல்லி அதட்டினார். புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்து, கட்டிலோடு கட்டச் சொன்னேன்.

மூத்த செவிலியர்தான் சொன்னார்: "சார், இவரு தினம் குடிக்கிறவராம். வீட்டம்மா இப்பத்தான் சொன்னாங்க."

சேர்த்த அன்று நானும் கேட்டிருந்தேன். மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க, "குடிப்பழக்கம் உண்டா?" என்று. "இல்லீங்க சார்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்?

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின், இவருக்கு வந்ததுபோல் நடுக்கமும் பிதற்றலுமாக டெலிரியம் ட்ரெமென்ஸ். கவனிக்காவிட்டால் உயிரையே வாங்கிவிடும். மருந்துக்கு டயஸெபாம் இருக்கிறது, குளோர்டயஸெபாக்சைடு இருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும். மறந்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் நேரலாம். இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தேறியவன்தான் நான். அந்தக் கட்டிலருகே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

போதைநோய் மருத்துவத்துக்கென்றே இன்று நம் நாட்டில் டி.எம். படிப்பு உண்டு. மனநல மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்கள் டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற இடங்களில் மேலும் மூன்றாண்டு பயில்கிறார்கள். பெருமைக்குரியதுதான். ஆனால் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவால் தீங்குறுவோரும் அடிமையானோரும் 5.7 கோடிப் பேர். அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்கள் எலும்பு முறிந்தும், வயிறு வீங்கியும், ரத்த வாந்தியெடுத்தும் நம் பொது வார்டுகளுக்குத்தான் வருகிறார்கள். எனவே பயிற்சி முதலில் சேர வேண்டியது, இரவுப் பணியிலிருக்கும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு.

என் மாணவர்களுக்கு மருந்தளவுக்கும் முன்னால் கேள்வியைத்தான் சொல்லித் தருகிறேன். உறவினரை வெளியே அனுப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். "கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று, எப்போது சாப்பிட்டாய் என்பதுபோலக் கேள். குரலில் குற்றச்சாட்டு ஏறினால் பதில் வராது.

கொத்தனார் ஐந்தாம் நாள் தெளிந்தார். மணிக்கட்டில் கட்டுத்துணி பதிந்த தடத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா சார்?"