இமாச்சலப் பிரதேசம்

இமாச்சலப் பிரதேசம், மேற்கு இமயமலையில் அமைந்த வட இந்திய மாநிலம். பரப்பு 55,673 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 68,64,602, மாவட்டங்கள் 12. தலைநகர் சிம்லா, தர்மசாலா குளிர்காலத் தலைநகர். மலைத்தொடர்கள் தனித்தனியே பிரித்து வைத்த பள்ளத்தாக்குகள் படிப்படியாக ஒன்றுசேர்ந்து உருவான மாநிலம் இது.

நில அமைப்பு

தெற்கே தாழ்ந்த சிவாலிக் குன்றுகளில் தொடங்கும் நிலம், தௌலதார், பீர் பஞ்சால் தொடர்களைக் கடந்து திபெத் எல்லைவரை உயர்கிறது. மிக உயர்ந்த சிகரம் கின்னௌரிலுள்ள ரியோ புர்கியில் (6,816 மீ). பியாஸ் ஆறு ரோத்தங் கணவாய் அருகே பிறக்கிறது. சந்திராவும் பாகாவும் தண்டியில் கூடிச் செனாப் ஆகின்றன. சட்லஜ் திபெத்திலிருந்து மலையை அறுத்துக்கொண்டு நுழைகிறது. தௌலதாரின் தென்சரிவிலுள்ள தர்மசாலாவில் பருவமழை கொட்டும். மழைமேகம் எட்டாத ஸ்பிதியோ குளிர்ப் பாலைவனம். அங்குள்ள தாபோ பௌத்த மடம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது.

வரலாறு

காங்கிரா, சம்பா, மண்டி, குலு, புஷஹர் எனப் பள்ளத்தாக்குகளில் தனித்தனி அரசுகள் இருந்தன. காங்கிரா ஓவியம் மன்னர் சன்சார் சந்தின் ஆதரவில் செழித்தது. காங்கிராக் கோட்டை 1809இல் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் வசமானது. இப்பகுதியைப் பிடித்திருந்த நேபாளக் கூர்க்காக்களை வென்ற ஆங்கிலேயர், 1864இல் சிம்லாவைத் தங்கள் கோடைக்காலத் தலைநகராக்கினர். 1903இல் கால்கா–சிம்லா மலை ரயில் ஓடத் தொடங்கியது.

1948 ஏப்ரல் 15 அன்று 30 சமஸ்தானங்கள் இணைந்து இமாச்சலம் உருவானது. 1954இல் பிலாஸ்பூரும், 1966இல் பஞ்சாபின் மலைப்பகுதிகளும் சேர்ந்தன. 1971 ஜனவரி 25 அன்று, சிம்லாவில் பனி பொழிந்துகொண்டிருக்க, இந்திரா காந்தி முழு மாநிலத் தகுதியை அறிவித்தார். யஷ்வந்த் சிங் பர்மார் முதல் முதலமைச்சர்.

வாழ்க்கையும் தொழிலும்

தேவதாருச் சட்டங்களையும் கற்களையும் சாந்தின்றி மாறி மாறி அடுக்கும் ‘காட் குனி’ கட்டுமானம் இம்மலைகளின் மரபு. நிலம் குலுங்கினாலும் சுவர் விரிசல் விடாமல் நெகிழ்ந்து கொடுக்கும். 1905 காங்கிரா நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 20,000 பேர் மாண்ட பகுதியில் இதன் அருமை பெரிது. கத்தி (Gaddi) எனப்படும் இனத்து மேய்ப்பர்கள் கோடையில் ஆட்டு மந்தைகளுடன் கணவாய் ஏறுகின்றனர். அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் கோட்கட்டில் நட்ட ஆப்பிள் வகை, மேல்மலைகளின் முதன்மைப் பணப்பயிராகப் பரவியது.

சட்லஜில் கட்டிய பக்ரா அணை 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய பிலாஸ்பூர் மூழ்கியது. பனிக்காலத்தில் பல மாதம் துண்டிக்கப்பட்டிருந்த லாஹௌல் பள்ளத்தாக்கை, 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை மணாலியுடன் இணைத்துள்ளது.