445 நாள் நீண்ட ஆண்டு: கி.மு. 46உம் ரோமானிய நாட்காட்டியும்

ரோமில் கி.மு. 46ஆம் ஆண்டு 445 நாள்கள் நீடித்தது. பிப்ரவரியை ஒட்டிய மிகை மாதத்தால் கூடுதலாக 23 நாளும், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே மொத்தம் 67 நாள் கொண்ட இரண்டு மாதங்களும் அந்த ஆண்டில் செருகப்பட்டன. இது ரோமானிய எழுத்தாளர் சென்சோரினஸ் தரும் கணக்கு. மற்றோர் எழுத்தாளரான மக்ரோபியஸ் 443 என்கிறார். ஆனால் வழக்கமான 355 நாளோடு இந்த 90 நாளைக் கூட்டினால் சென்சோரினஸ் சொல்வதே சரியாக வருகிறது. ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைச் சீர்திருத்தியபோது செய்த ஏற்பாடு இது. அந்தச் சீர்திருத்தத்தை வானியலின் வெற்றியாகப் பேசுவதே வழக்கம். யார் கையில் காலம் இருந்தது என்று கேட்டால்தான் அதன் வரலாறு துலங்குகிறது.

பழைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள். இரட்டைப்படை எண்ணை அமங்கலமாகக் கருதியதால், மாதங்கள் 29 அல்லது 31 நாள் பெற்றன. பிப்ரவரிக்கு மட்டும் 28. பருவத்தோடு ஒத்துப்போக, ஓராண்டு விட்டு ஓராண்டு பிப்ரவரியைச் சுருக்கி, 27 நாள் கொண்ட மிகை மாதம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதை ஒழுங்காகச் செய்தாலும் சராசரி ஆண்டு ஏறத்தாழ ஒரு நாள் நீண்டுவிடும். ஆகவே எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த உரிமை பான்டிஃபெக்ஸ் எனப்பட்ட குருமார் குழுவிடம் இருந்தது.

குருமார் என்றதும் கோயிலோடு நின்றுவிட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் அரசியல் பிரமுகர்கள். பதவிக்காலமும் வரிக் குத்தகையும் ஆண்டுக் கணக்கில் ஓடியதால், ஒரு மாதத்தைச் சேர்ப்பதோ விடுவதோ ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம். வேண்டியவருக்கு ஆண்டை நீட்டியும் வேண்டாதவருக்குக் குறைத்தும் கொடுத்ததாகச் சென்சோரினஸ் குற்றஞ்சாட்டுகிறார். கி.மு. 51இல் சிலிசியாவுக்கு ஆளுநராகப் போன சிசெரோ, மிகை மாதம் சேர்த்துத் தன் ஓராண்டுப் பதவியை நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி ரோமிலிருந்த நண்பர்களைக் கடிதத்தில் கெஞ்சினார். மறுபுறம் கி.மு. 50இல் ட்ரிபியூன் எனப்பட்ட மக்கள் பிரதிநிதியாக இருந்த கியூரியோவுக்கு மிகை மாதம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. அவர் சீசர் பக்கம் சாய்ந்ததைக் சிசெரோவுக்கு அவர் நண்பர் கேலியஸ் எழுதிய கடிதம் இந்த ஏமாற்றத்தோடு இணைக்கிறது. உள்நாட்டுப் போரின் வாசலில் நாட்காட்டியும் ஒரு பேரப்பொருள்!

நாட்காட்டிக்கும் பருவத்துக்கும் இடையிலான பிசகு இதற்கு முன்பே பெரிது. கி.மு. 190 மார்ச் 14இல் நிகழ்ந்த சூரிய கிரகணம் அன்றைய ரோமானிய நாட்காட்டியில் ஜூலை 11 என லிவியின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பின்னர் இடைவெளி குறைந்தது. ஆனால் கி.மு. 52க்குப் பிறகு போர்க்காலத்தில் மிகை மாதமே சேர்க்காததால் மீண்டும் விரிந்தது. சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்தது ரோமானியக் கணக்கில் கி.மு. 49 ஜனவரி; பருவப்படி அது இன்னும் இலையுதிர்காலம்.

சீசர் கி.மு. 63 முதலே தலைமைக் குரு. இருந்தும் தப்சஸ் போரில் வென்று, ரோமில் எதிர்ப்பவர் இல்லாத நிலையில்தான் நாட்காட்டியைத் தொட்டார். அலெக்சாந்திரிய அறிஞர் சோசிகெனிசின் துணையோடு 365 நாள் ஆண்டும், நான்காண்டுக்கு ஒரு மிகை நாளும் வகுக்கப்பட்டன. இந்தக் கணக்கு புதிதல்ல, கி.மு. 238இலேயே எகிப்தின் கனோபஸ் ஆணை அதை அறிவித்திருந்தது. புதிது எதுவென்றால், ஆண்டுதோறும் தீர்மானிக்க இனி யாருக்கும் வேலை இல்லை என்பது. விரிந்த இடைவெளியை அடைக்கத்தான் கி.மு. 46இல் அந்த 90 நாள் சேர்க்கப்பட்டது; கி.மு. 45 ஜனவரி 1 முதல் புதிய முறை ஓடத் தொடங்கியது. நாளை யாழ் விண்மீன்கூட்டம் உதிக்கும் என்று ஒருவர் சொன்னபோது, ஆம், ஆணைப்படி உதிக்கும் என்ற பொருளில் சிசெரோ கிண்டலடித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஒரு சர்வாதிகாரி விண்ணுக்கும் ஆணையிடுகிறார் என்ற கசப்பு அதில் தெரிகிறது.

சீசர் கொல்லப்பட்டதும் குருமார் மறுபடி சறுக்கினார்கள். தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணும் ரோமானிய வழக்கப்படி, நான்காண்டை மூன்றாண்டாக்கினார்கள். 36 ஆண்டுகளில் 9க்குப் பதில் 12 மிகை நாள்கள் சேர்ந்துவிட்டன. கி.மு. 12இல் தலைமைக் குருவான அகஸ்டஸ், அந்த மூன்று நாள் கழியும்வரை மிகை நாளே வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். செக்ஸ்டிலிஸ் மாதத்துக்குக் கி.மு. 8இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.