கண்மாய்க்கு ஒரு படக்கதை: குழந்தைகளுக்கு இயற்கையைப் புரிய வைப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மழை குறைவு. குமாரலிங்கபுரம் மாதிரி ஊர்களில் மழையையும் கண்மாயையும் நம்பித்தான் வெள்ளாமை. அங்கே பிள்ளைகளை "நீரைச் சேமிப்போம்" என்று மனப்பாடம் செய்ய வைத்தால் மட்டும் போதுமா?

படக்கதை ஏன்?

வரத்துக்கால், மடை, கலுங்கு இதெல்லாம் வெறும் வார்த்தையாகச் சொன்னால் பிடிபடாது. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் போவதைப் படம் படமாகக் காட்டுங்கள். வரத்துக்காலில் குப்பை கொட்டினா என்ன ஆகும்னு அவங்களே சொல்லிடுவாங்க.

சீமைக்கருவேலமும் நல்ல கதைதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. ஆடு நெத்தைத் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். கண்மாய்க்குள் காடு வந்தது இப்படித்தான்!

கதைகள் எங்கே கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை மொபைலிலேயே இலவசமாகப் படிக்கலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப 4 நிலைகள் உண்டு. திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். அங்குள்ள படங்களை வைத்து நம்ம ஊர்க் கதையையும் உருவாக்கலாம்.

எப்படிச் சொல்வது?

* முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள்.
* "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.
* கதை முடிந்ததும், பெரியவர்கள் துணையோடு கண்மாய்க்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க.
* பார்த்ததை அவர்களே வரையட்டும்.

பனிக்கரடி கதையும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் நாளைக்கு இந்தக் கண்மாயைக் காப்பாற்ற வேண்டியவங்க இவங்கதான். அதனால் முதல் கதை கண்மாயிலிருந்தே தொடங்கட்டும்.