மூலப்பிரதி எங்கே?

அமெரிக்க நடிகர் ஸ்பால்டிங் கிரே மேடையில் தனியாளாகச் சொன்ன கதையான 'ஸ்விம்மிங் டு கம்போடியா'வுக்கு மூலப்பிரதி எது? இந்தச் சின்னக் கேள்வியோடுதான் தேடலைத் தொடங்கினேன். 1985இல் வந்த புத்தகம் இருக்கிறது. 1987இல் ஜொனதன் டெம்மி எடுத்த படமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மேடையிலோ கிரே இதை இரண்டு பகுதிகளாகச் சொன்னார். 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் அவருக்குக் கிடைத்தது அமெரிக்கத் தூதரக அதிகாரியாக ஒரு சிறு வேடம். தாய்லாந்தில் நடந்த அந்தப் படப்பிடிப்பிலிருந்துதான் இவ்வளவு நீளமான கதை பிறந்தது.

படத்தில் ஒரு மேசை, ஒலிவாங்கி, தண்ணீர்க் குவளை, ஒரு நோட்டுப் புத்தகம். வசனம் அந்த நோட்டில்தான் இருக்கும் என்று நினைப்போம். அதில் இருந்தவை வெறும் குறிப்புகள். அவர் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. பேசுவார், பதிவு செய்வார், கேட்பார், அடுத்த முறை மாற்றுவார். புத்தகம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அப்படியானால் தடயம் காகிதத்தில் இல்லை, ஒலிநாடாவில் இருக்கிறது. பின்னோக்கிப் போனால் அது நியூயார்க் வூஸ்டர் தெருவின் பெர்ஃபார்மிங் கராஜ் அரங்கில் கொண்டு விடுகிறது. கிரேயின் தாய் 1967இல் தற்கொலை செய்துகொண்டார். அதைப் பற்றித் தந்தையிடமும் பாட்டிகளிடமும் பேசிப் பதிவு செய்த கிரே, அக்குரல்களை 1977இல் 'ரம்ஸ்டிக் ரோடு' நாடகத்தில் ஒலிக்கவிட்டார். எலிசபெத் லெகாம்ப்ட் இயக்கியது. தாய்க்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவரின் தொலைபேசிப் பேச்சும் அதில் இருந்தது, அவர் அனுமதி இல்லாமலே. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் விமர்சகர் இதைக் கண்டித்தார். என் பார்வையில் கண்டனம் நியாயமே. ஆனாலும் அந்த நாடாக்கள் இல்லையென்றால் அந்நாடகம் மறைந்தே போயிருக்கும். பழைய ஒலிப்பதிவு, சூப்பர் 8 படச்சுருள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒட்டித்தான் அந்த அரங்கின் வூஸ்டர் நாடகக் குழு 2013இல் அதைக் காணொளியாக மீட்டது.

எழுத்துப்படியே சாத்தியமில்லாத படைப்பு ஒன்றும் கிரேயிடம் உண்டு. 1976இல் 'மதர் கரேஜ்' நாடகத்தோடு இந்தியா வந்துபோன அனுபவத்தை வைத்து 1979இல் 'இந்தியா அண்ட் ஆஃப்டர்' செய்தார். உடன் இருப்பவர் அகராதியில் ஏதோ ஒரு சொல்லை எடுப்பார். குறித்த நேரத்துக்குள் அதை ஒட்டிய நினைவைக் கிரே சொல்ல வேண்டும். சொற்கள் மாறிக்கொண்டே இருந்தால் நினைவுகளின் வரிசை எப்படி நிலையாக நிற்கும்?

2001இல் அயர்லாந்தில் நடந்த கார் விபத்து அவரை உடைத்துப்போட்டது. 2004 ஜனவரியில் காணாமல் போனார். மார்ச்சில் ஈஸ்ட் ஆற்றில் உடல் கிடைத்தது. அவருடைய நோட்டுகளும் நாடாக்களும் இப்போது டெக்சாஸ் ஆஸ்டினில் ஹாரி ரான்சம் மையத்தில் உள்ளன.

வாழ்க்கையை அப்படியே கொட்டியவர் என்று கிரேயைப் புகழ்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2011இல் அச்சான நாட்குறிப்புகளை மேடைப் பேச்சோடு ஒப்பிட்டால், எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்து வெட்டிய கை தெரிகிறது. மூலப்பிரதி என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது. புதிதாக வருகிறவர்கள் டெம்மியின் படத்தை முதலில் பாருங்கள். புத்தகத்தை அதன் பிறகு எடுங்கள்.